சொட்டை சார் அனுப்பிய படங்கள்

தலை நிறைய முடி இருந்தும் அவருக்குச் சொட்டை சார் என்றுதான் பெயர். பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். காரில் விழுந்த சொட்டையைப் பார்த்து எழுதுவதே பிழைப்பாக இருந்த மனுஷருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எங்கேயாவது ஒரு வண்டி இடித்துக்கொண்டால் இன்சூரன்ஸ் கம்பெனி இவரை அனுப்பிவைக்கும். இவர் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, எது இந்த விபத்தில் நசுங்கியது, எது போன வருஷமே நசுங்கிக் கிடந்தது, எது பட்டறைக்காரர் ஆசைப்பட்டுச் சுத்தியலால் நசுக்கியது என்று பிரித்து எழுதிக் கொடுப்பார். முப்பத்தோரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலை.

அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் நான்கு மூலையிலிருந்து நான்கு படம். அப்புறம் நம்பர் பிளேட். அப்புறம்தான் அடிபட்ட இடம், பக்கத்தில் ஆறங்குல ஸ்கேலை வைத்து, அளவு தெரிகிற மாதிரி. படத்தின் மூலையில் தேதி இருந்தாக வேண்டும். மனுஷர் யாரும் படத்துக்குள் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: சார் வந்து பார்த்து முடிக்கிற வரை வண்டியில் யாரும் எதையும் தொடக் கூடாது. உடைந்த கண்ணாடியைப் பொறுக்கக் கூடாது, தொங்குகிற பம்பரைத் தூக்கிக் கட்டக் கூடாது, பின் சீட்டில் கிடக்கிற குடையைக்கூட எடுக்கக் கூடாது. தொட்டுவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மற்ற நேரத்தில் அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் அடுத்தடுத்து இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, மனைவி மகள் வீட்டுக்குப் போனது. பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு பையோடு ரயிலேறினாள். மூன்று ஐந்தாயிற்று. ஏழாவது மாசம் மகள் போனில், "அம்மா இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்ப்பா, குழந்தை விட மாட்டேங்குது" என்றாள். இவர் "சரிம்மா" என்றார். அப்போது மனைவி போனை வாங்கி, "என்னங்க, உங்களுக்குக் கஷ்டம் இல்லையே?" என்று கேட்டாள். இவர், "இல்லையே, எனக்கென்ன கஷ்டம்" என்றார். கஷ்டம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல மாட்டாரே. கல்லுளிமங்கன் என்று மாமியார் கல்யாணத்தன்றே பெயர் வைத்தது சும்மாவா?

அவர்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் பேச வேண்டுமே. அவள் கணக்கு டீச்சராக இருந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். பிறகு முப்பது வருஷம் பேப்பரில் வரும் எண் புதிர்க் கட்டங்களை நிரப்பியே கணக்குப் பசியைத் தீர்த்துக்கொண்டாள். "இந்தக் கட்டத்துல ஏழா, ஒன்பதா?" என்று சில நாள் சத்தமாகக் கேட்பாள். அவரைத்தான் கேட்கிறாள் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

இரண்டாவது காரியம், கம்பெனி போனில் ஒரு ஆப் கொண்டுவந்தது. வண்டிக்காரரே தன் போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும், யாரும் நேரில் போய்ப் பார்க்க வேண்டாம் என்றாகிவிட்டது. பெரிய விபத்தென்றால் மட்டும் சொட்டை சாரைக் கூப்பிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை இரண்டு நாளாகச் சுருங்கியது. மற்ற நாட்களில் மனுஷர் மூன்றாவது மாடி வீட்டில் அறைக்கு அறை நடந்தார். அலமாரியைத் திறப்பார், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவார். மத்தியானம் மூன்று மணிக்கு லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து கதவருகே போவார். அது எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். தெரிந்தும் போவார்.

தனிமை என்றால் சின்னத் தனிமை இல்லை. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வாயிலிருந்து வெளியே வரும் பேச்சு, வாசலில் வாட்ச்மேனிடம் சொல்கிற "ம்" ஒன்றுதான். அவருக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். அவள் திரும்பி வர வேண்டும். தன் பாட்டுக்குக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு அந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவளிடம் கேட்க வாய் வரவில்லை. குழந்தையை விட்டுவிட்டு எனக்காக வா என்று எந்த முகத்தோடு சொல்வது என்று தனக்குத் தானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டார்.

வாய்தான் வேலை செய்யவில்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய பழக்கத்தில் பையிலிருந்து கேமராவை எடுத்து, வீட்டையே பார்வையிட ஆரம்பித்துவிட்டார். கேட்டால் சிரிப்பீர்கள். நான்கு மூலையிலிருந்து நான்கு படம். நம்பர் பிளேட்டுக்குப் பதிலாகக் கதவு எண். அப்புறம் சேதம். ஹால் சுவரில், அவளுடைய தையல் மிஷின் இருந்த இடத்தில், சுண்ணாம்பு மற்ற இடத்தைவிட வெளுப்பாக ஒரு கட்டமாகத் தெரிந்தது. மிஷினை மகள் ஆள் அனுப்பி எடுத்துப் போயிருந்தாள். அந்த வெளுப்புக்குப் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, அளவு தெரிகிற மாதிரி, ஒரு படம் எடுத்தார். எடுத்த பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழுதார் என்றும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் சமையல் மேடையில் கோணலாக விழுந்து, கவிழ்த்து வைத்திருந்த ஒரே ஒரு டம்ளரின் விளிம்பில் ஏறி நின்றது. டம்ளரின் நிழல் அதைவிட மூன்று மடங்கு நீளமாகப் படுத்திருந்தது. அங்கே எதுவும் உடைந்திருக்கவில்லை. ஸ்கேல் வைக்க இடமில்லை. ஆனாலும் கேமரா மேலே வந்தது. எதற்கு எடுக்கிறோம் என்று தெரியாமல் அவர் எடுத்த முதல் படம் அது.

கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூலையில் அந்த ஆரஞ்சு நிறத் தேதி கண்ணை உறுத்தியது. தேதி இல்லாத படம் சாட்சிக்கு ஆகாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர்! மறுநாள் காலை அதே வெயிலுக்காக ஏழரை மணிக்கே சமையலறையில் போய் நின்று, கேமராவின் மெனுவுக்குள் புகுந்து, முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தேதியை அணைத்தார். திருட்டுத்தனம் பண்ணுகிற மாதிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். படம் எதற்கும் சாட்சி இல்லாமல், வெறும் வெயிலும் டம்ளருமாக வந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விடிந்தால் கழுத்தில் கேமரா. பஸ் டிப்போவில் கழுவி வரிசையாக நிறுத்திய பஸ்கள், அவற்றின் அடியில் ஓடுகிற சோப்புத் தண்ணீர். சலூன் நாற்காலியில் பாதி முகச் சோப்போடு தூங்கிப்போன ஆள். மழை பெய்து ஓய்ந்ததும் பட்டறை வாசலில் நிற்கும் வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் இலைகள். பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர், இருபது வருஷமாக அவரை அறிந்தவர், கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல எங்க சார் அடி?"

"அடி ஒண்ணும் இல்லையே."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

"தெரியலையே" என்றார் சொட்டை சார்.

பெயிண்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

ஆனால் மனுஷர்களை எடுக்கப் போனபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கண் பழகிய இடத்துக்கே போய் நின்றது. வாட்ச்மேனை நிற்கவைத்து எடுத்தார். வாட்ச்மேன் ஆசையாக வாங்கிப் பார்த்தால், அதில் அவருடைய தாடையில் இருந்த பழைய தழும்பும், சட்டைக் காலரின் கிழிசலும், பொத்தான் அறுந்த இடமும்தான் துல்லியமாக விழுந்திருந்தன. முகம் ஏதோ பக்கத்தில் இருந்தது.

"என்ன சார், என்னை இன்சூரன்ஸுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு வாட்ச்மேன் சிரித்தார். இவர் அசடு வழிய நின்றார்.

அன்றிலிருந்து படம் எடுக்கும் முன்னால் சும்மா நிற்கப் பழகினார். குறை கண்ணில் பட்டதும் அமுக்கக் கூடாது, அது கண்ணிலிருந்து போகிற வரை காத்திருக்க வேண்டும் என்று தனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டார். வாட்ச்மேன் விஷயத்தில் அது எட்டாவது தடவையில் கைகூடியது. கேட் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷரை அப்படியே எடுத்தார். வாட்ச்மேன் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு, "ஊருக்கு அனுப்பணும் சார், ஒண்ணு பிரிண்ட் போட்டுக் கொடுங்க" என்றார். சொட்டை சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று மாடியையும் லிஃப்ட் இல்லாமல் ஏறினார். கதவைத் திறந்ததும் இதை யாரிடம் சொல்வது என்ற கேள்வி வந்தது. சொல்ல ஆள் இல்லை.

மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவார்தான். நான்கு நிமிஷம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், குழந்தை என்ன பண்ணுது, தவழுது, சரி வச்சிடவா, சரி. அதில் எங்கே போய் வெயிலையும் டம்ளரையும் சொருகுவது? ஒரு நாள் துணிந்து, அந்த டம்ளர் படத்தை அவள் போனுக்கு அனுப்பிவிட்டார். கீழே எதுவும் எழுதவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "மேடையைத் துடைக்கறது இல்லையா?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தாரோ. மறுநாள் மேடையைத் துடைத்து, பளபளவென்று அதே கோணத்தில் இன்னொரு படம் அனுப்பினார். "இப்ப சரி" என்று பதில் வந்தது. அப்படித்தான் அது பழக்கமாயிற்று. தினமும் காலை ஒரு படம். தினமும் அவளிடமிருந்து ஒரு வரி. பஸ்களைப் பார்த்து, "எண்ணினேன், பதினேழு" என்றாள். சலூனில் தூங்கிய ஆளைப் பார்த்து, "பாவம், எழுப்பிவிடக் கூடாதா" என்றாள். ஹால் ஜன்னலைப் பார்த்து, "நம்ம ஜன்னல் இவ்வளவு பெரிசா?" என்றாள். அந்த ஒரு வரிக்காகவே அவர் காலையில் எழுந்தார்.

ஒவ்வொரு படமும் அவருக்கு ஒரு கூப்பாடு. வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது பார், வெயில் எப்படி வருகிறது பார், வந்துவிடேன் என்று அவர் வாயால் சொல்லாததை எல்லாம் படம் சொல்லிவிடும் என்று நம்பினார். எட்டு மாசம் நம்பினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவள் ரயிலேறிய அன்று விட்டுப்போன எதையும் அவர் தொடவில்லை. டிரெஸ்ஸிங் மேஜையில் சீப்பு, அதில் சுற்றிய இரண்டு முடியோடு. நாற்காலி முதுகில் அவள் போட்ட துண்டு. சாப்பாட்டு மேஜையில் பாதி நிரப்பிய எண் கட்டம், அதன் மேல் பேனா. ஃபிரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்தில் "பால் ஒண்ணு போதும்" என்ற சீட்டு. எல்லாவற்றையும் சுற்றிப் பெருக்குவார், துடைப்பார், அவற்றின் மேல் மட்டும் துணி படாது. உரியவர் வந்து பார்க்கிற வரை எதையும் நகர்த்தக் கூடாது என்பது எலும்பில் ஊறிப்போயிருந்தது. அது பிரியம்தான். வேறு மாதிரி பிரியம் காட்ட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படங்களில் மட்டும் அந்தச் சாமான்கள் எதுவும் விழாதபடி பார்த்துக்கொண்டார். விழுந்தால் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம். அதனால் கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, கொஞ்சம் மேலே தூக்கி, வெயிலை மட்டும், ஜன்னலை மட்டும் எடுத்தார்.

பதினைந்தாவது மாசம் அவள் போன் பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, வியாழக்கிழமை.

"சனிக்கிழமை காலைல வர்றேங்க. கொஞ்சம் பேசணும். உங்ககிட்ட ஒரு வேலையும் ஆகணும்."

"வா, வா" என்றார். இரண்டு தடவை சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது சொற்பொழிவு. எத்தனை நாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பேசணும் என்றாளே, அது போதாதா? வெள்ளிக்கிழமை முழுக்க ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார். திரைச்சீலையைத் துவைத்துப் போட்டார். அவள் சாமான்களைத் தொடவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு சின்னப் பை. கொஞ்சம் இளைத்து, கண்ணாடியை மாற்றி, முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனாள்.

"படத்துல பார்த்த மாதிரியே இருக்கு" என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. இவர் பின்னாலேயே நின்று முகமெல்லாம் சிரித்தார்.

அப்புறம் திரும்பினாள். சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள். கிட்டே போய்க் குனிந்து, பேப்பரின் தேதியைப் பார்த்தாள். பேனாவைத் தூக்கினாள். பேனா இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பேப்பர் மற்றபடி மஞ்சளாகிவிட்டிருந்தது. துண்டைத் தொட்டாள், தும்மல் வந்தது. படுக்கையறைக்குப் போனாள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"எதையும் தொடலை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"அதான் தெரியுதே. ஏன்?"

"நீ வந்து பார்க்கிற வரைக்கும்... அப்படியே இருக்கட்டும்னு."

"உயிரோட இருக்கிற பொம்பளையோட சீப்பை யாராவது இப்படி வச்சிருப்பாங்களா? எனக்குப் பயமா இருக்குங்க." சீப்பிலிருந்த முடியை உருவிச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதெல்லாம் படத்துல வரவே இல்லையே."

"அது உன் சாமான். அதை எதுக்கு எடுக்கணும்னு..."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தினம் ஒரு படம் வருது. வெயில், மழை, பஸ்ஸு. ஒவ்வொண்ணும் அவ்வளவு அழகு. மனுஷன் இப்பதான் சந்தோஷமா இருக்காரு, நாம இல்லாததே அவருக்கு நிம்மதின்னு நினைச்சேன். முதல்ல அழுகையாத்தான் வந்துச்சு. மககிட்டகூட சொல்லலை. அப்புறம் ஒரு நாள் தோணுச்சு, அவரே இந்த வயசுல ஒண்ணைக் கத்துக்கிட்டு நல்லா இருக்காரு, நமக்கு என்ன வந்துச்சுன்னு. கீழ் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சேன். நாலு பேரு, பதினஞ்சு பேரு ஆச்சு. இப்ப ஒரு டியூஷன் சென்டர்ல வேலைக்குக் கேட்டிருக்காங்க. ஒண்ணாந்தேதி சேரணும். சென்டர் பக்கத்துலயே ஒரு ரூமும் பார்த்தாச்சு. மக வீட்டுல இல்லை, தனியாத்தான்."

இந்த இடத்தில் மனுஷர் வாயைத் திறந்திருக்க வேண்டும். அத்தனையும் உன்னைக் கூப்பிடத்தான் அனுப்பினேன், ஒன்றுகூட நிம்மதியில் எடுத்ததில்லை என்று கத்தியிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்படியா" என்றார். அப்படியாவாம்! அதோடு விட்டாரா, "நல்ல சென்டரா?" என்று வேறு கேட்டார்.

"நல்ல சென்டர்தான்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் எழுந்து வீட்டைப் பார்த்தாள். துண்டை நனைத்துப் போட்டாள். மஞ்சள் பேப்பரை மடித்து வெளியே வைத்தாள். ஃபிரிட்ஜ் சீட்டைக் கிழித்தாள். அவள் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, அவர் அறைக்கு அறை பின்னாலேயே போய் நின்றார். மத்தியானம் இருந்ததைச் சூடு பண்ணி இருவரும் சாப்பிட்டார்கள். மாலை ஆறு மணி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மூன்று மணிக்கு அவள், "அந்த வேலைன்னு சொன்னேனே" என்றாள். "சென்டர்ல என் படம் ஒண்ணு கேக்கறாங்க. சுவர்ல மாட்டுவாங்களாம், எல்லா டீச்சர் படமும் இருக்கு. கடையில எடுத்தா போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி வருது. நீங்க எடுங்களேன். நீங்கதான் இப்ப நல்லா எடுக்கறீங்களே."

ஹால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டார். திரையைப் பாதி இழுத்தார். அவள் வந்து உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, கொஞ்சம் வெட்கப்பட்டாள். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அவள் ஒருத்திக்காக மட்டும் யாரும் கேமராவைத் தூக்கியதில்லை. அவரும்தான் தூக்கியதில்லை. ஆயிரக்கணக்கான வண்டிகளை எடுத்த கை அது.

"இங்க பாரு" என்றார்.

பார்த்தாள். அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். தன் விதிப்படி சும்மா நின்றார். முதலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரிந்தது, காதோரம் நரை தெரிந்தது. காத்திருந்தார். அவை போய்விட்டன. அவள் மட்டும் இருந்தாள். நேராக அவரைப் பார்த்துக்கொண்டு, எப்போது எடுப்பார் என்று பொறுமையாக இருந்தாள். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவள் முகத்தை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை. பார்த்தால் அவளும் திரும்பிப் பார்ப்பாளே என்று எப்போதும் கண்ணை எடுத்துவிடுவார். இப்போது அவர் முகத்துக்கு முன்னால் கேமரா இருந்தது. அவருடைய கண் கலங்குவதும் வாய் கோணுவதும் அவளுக்குத் தெரியாது. அந்த மறைவில் நின்றுதான் அவருக்கு அது வந்தது.

"போகாதே" என்றார்.

விரல் தானாக அமுக்கிவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

கேமராவைக் கீழே இறக்கவில்லை. "போகாதேன்னேன். இங்கயே இரு. எனக்குக் கஷ்டமா இருக்கு. நீ போன நாள்லேருந்து கஷ்டமாத்தான் இருக்கு."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்து, அவர் கையிலிருந்து கேமராவை மெல்ல வாங்கிக் கீழே இறக்கினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள். அந்த ஒரு சொல் காதில் விழுந்த நொடியில் அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படியே அதில் இருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண் விரிந்து, இருபத்தைந்து வயதுப் பெண்ணை யாரோ தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"எட்டு மாசம் படம் அனுப்புனீங்களே" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு படத்துக்குக் கீழ இந்த வார்த்தையை எழுதியிருந்தா, அடுத்த ரயிலுக்கே வந்திருப்பேங்க."

"இப்ப சொல்லிட்டேனே."

"இப்ப சொல்லிட்டீங்க." அவள் கண்ணைத் துடைத்தாள். "அங்க பதினஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. முப்பது வருஷத்துக்கு அப்புறம் என்னை டீச்சர்னு கூப்பிடறாங்க. நான் எப்படிங்க விடறது?"

அவள் கேமராவைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"இது சுவர்ல மாட்ட ஆகாது. இன்னொண்ணு எடுங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முடியை ஒதுக்கி, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எடுத்தார். நல்ல படம். நெற்றியில் வெளிச்சம், கண்ணில் கண்டிப்பு, உதட்டில் பிள்ளைகளைப் பயமுறுத்தாத அளவுக்குச் சிரிப்பு. யார் பார்த்தாலும் கணக்கு டீச்சர் என்று சொல்லிவிடுவார்கள். ரயில் நிலையத்தில் வண்டி கிளம்பும் முன்பே அவள் போனுக்கு அதை அனுப்பிவைத்தார். ஜன்னலுக்கு உள்ளிருந்து, "வந்துருச்சு, நல்லா இருக்கு" என்று சைகை காட்டினாள். வண்டி நகர்ந்தது. அவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார், பிறகு நின்றுவிட்டார்.

அந்தப் படம் இப்போது ஏதோ ஓர் ஊரில் ஒரு டியூஷன் சென்டர் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. முதலில் எடுத்தது அவரிடம் இருக்கிறது. அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்று அவருக்கே தெரியும். வாட்ச்மேனுக்குக்கூட அதைக் காட்டியதில்லை.